பரகாயப் பிரவேசம்



தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவர நூல் கற்பிப்பதிலேயே கழித்து, ஓய்வு பெற்ற நாளில் கைக்கு வந்த சிறு தொகையையும் அறிவியல் தமிழுக்கென்று ஒதுக்கிவிட்டுப் போன ஒரு நல்லாசிரியரின் நினைவாக நடைபெறும் இச்சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது, எதைப் பேசுவது என்று நான் நெடுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை; ஏனெனில், இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள விஷயத்தை எனக்கு முதன்முதலில் காட்டியவரே அவர்தாம்.

எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது எங்கள் வகுப்பை அவர் ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றார். ஐப்பசி மழை ஓய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் நின்று, ஈரம் சொட்டிக்கொண்டிருந்த ஒரு செடியின் இலையைப் பறிக்காமல் மெல்லத் திருப்பிப் பிடித்து, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். இலையின் அடிப்புறத்தில், நடு நரம்பை ஒட்டி இரு மருங்கும், முட்டை வடிவான சிறு மூடிகளைப் போலப் பச்சைச் செதில் பூச்சிகள் வரிசையாக ஒட்டிக் கிடந்தன. அவற்றின் பின்புறத்தில் ஊறும் தித்திப்பான கழிவைப் பருகுவதற்காக எறும்புகள் போவதும் வருவதுமாக இருந்தன. ஆனால் பூச்சிகளுள் பலவற்றைச் சுற்றி, யாரோ கோலமாவை விரல்நுனியில் எடுத்து வட்டமாகத் தூவியதுபோல், வெண்மையான ஒரு விளிம்பு படர்ந்திருந்தது. ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பூச்சிகள் செத்து உலர்ந்திருந்தன. பூச்சி இலையின் சாற்றை உறிஞ்சுகிறது. எறும்பு பூச்சியைப் பசுவைப்போல் மேய்க்கிறது. அந்த வெண்பூஞ்சணமோ பூச்சியையே தின்கிறது. “இந்த இலையிலே யார் எசமான்னு பார்த்துச் சொல்லு, தம்பி” என்று ஆசிரியர் கேட்டார். பூஞ்சணந்தான் என்று நான் தயங்காமல் சொன்னேன். அவர் சிரித்தார், “பங்குனியிலே இன்னொரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்லு” என்று சொல்லி இலையை விட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் விரித்து வைக்கிறேன்.

1. கூடும் குடிபுகுதலும்

பரகாயப் பிரவேசம் என்று நம் நாட்டுக் கதைகளில் ஒரு வித்தை பேசப்படுகிறது. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று அதைத் தமிழில் சொல்வோம். காவிரிக்கரைச் சாத்தனூரில், மேய்ப்பனாகிய மூலன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சுற்றி நின்று கதறுவதைக் கண்ட ஒரு யோகியார், அவற்றின் துயர் தீர்க்கும் பொருட்டுத் தம் சரீரத்தை ஓரிடத்தில் மறைத்துவைத்து அவன் சரீரத்தில் புகுந்தார் என்பதும், பசுக்களை ஊர் சேர்த்துத் திரும்பியபோது தம் சரீரத்தைக் காணாமல், புகுந்த உடலிலேயே திருமூலர் என்ற பெயரோடு தங்கிவிட்டார் என்பதும் நாம் எல்லோரும் சிறு வயதிலிருந்து கேட்டுவரும் வரலாறு. இதைக் கேட்கும்போதெல்லாம், புகுந்தவருடைய ஆற்றலை நாம் வியக்கிறோமேயன்றி, புகுந்த கணத்திலிருந்து அந்தக் கூட்டுக்கு அவர் கட்டுப்பட்டுப்போனார் என்பதை அவ்வளவாகக் கருதுவதில்லை. வெப்பமண்டலக் காடுகளில் எறும்பின் உடலிலும் சிலந்தியின் உடலிலும் குடிபுகும் பூஞ்சணங்களைப் பற்றி உலகம் பேசும் பேச்சிலும் இதே குறை இருக்கிறது. ஆட்டிவைக்கும் ஆற்றலைப் பற்றிய பேச்சு மிகுதி. ஆட்டிவைப்பதற்குள் இருக்கும் அடிமைத்தனத்தைப் பற்றிய பேச்சு சொற்பம்.

2. செடி முளைத்த குளவி

கொட்டக் கொட்டக் குளவியாகும் என்று ஒரு பழமொழி வழங்குகிறது. குளவி தன் கூட்டில் வைத்த புழுவைக் கொட்டிக்கொட்டித் தன் வடிவாகவே மாற்றிவிடுகிறது என்று முன்னோர் நம்பினர். உண்மையில் அப்புழு குளவிக் குஞ்சுக்கு ஆகாரமாகிறது. ஓர் உயிர் மற்றோர் உயிரைத் தின்று வெளிவருவதைக் கண்ட கண்கள், ஒன்று மற்றொன்றாக மாறியதென்று கொள்வது எல்லாத் தேசங்களிலும் நிகழ்ந்ததே. இமயத்தின் உயரமான புல்வெளிகளில், மண்ணுக்குள் வாழும் புழுவின் தலையிலிருந்து எழும் ஒரு பூஞ்சணத்தைத் திபெத்தியர் ‘கோடையில் புல், குளிரில் புழு’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். மருந்துச் சரக்காக அது பொன்னைப்போல் விலை போவதும், அளவின்றித் தோண்டியதால் 2020-இல் அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றதும் தனிக்கதை.

ஸ்பெயின் நாட்டுப் பிரான்சிஸ்கத் துறவியான ஹோசே தொர்ரூபியா என்பவர், 1749-ஆம் ஆண்டு கியூபா தீவின் ஹவானா நகருக்கு அருகில், செத்த குளவிகளின் உடலிலிருந்து செடிகள் முளைத்திருப்பதைக் கண்டு வியந்து, 1754-இல் வெளியிட்ட தம் இயற்கை வரலாற்று நூலில் அதை எழுதினார். செடி முளைத்த குளவி என்ற செய்தி ஐரோப்பா முழுவதும் பரவிற்று. பிற்காலத்து அறிஞர்கள் இவ்வினத்துப் பூஞ்சணங்களுக்கு அவர் பெயரையே சூட்டி ‘தொர்ரூபியா’ என்று வழங்கினர்.

கண்டது உண்மை, காரணம் பிழை. காரணத்தை வெளிப்படுத்தியவர் இத்தாலியரான அகொஸ்தினோ பாஸ்ஸி. பட்டுப்புழுக்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து விறைத்துச் சாகும் நோயைக் கால் நூற்றாண்டுக்கு மேல் பொறுமையாக ஆராய்ந்து, அது உணவாலோ காற்றாலோ வருவதன்று, ஒரு நுண்ணிய பூஞ்சணம் புழுவிலிருந்து புழுவுக்குத் தொற்றுவதால் வருவது என்று 1835-இல் அவர் நிலைநாட்டினார். நோய் என்பது நுண்ணுயிரின் வேலை என்ற தத்துவத்தைப் பாஸ்டர் உலகறியச் செய்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு புழுவின் வெண்மையான சவத்திலிருந்து அதைப் படித்தறிந்த அம்மனிதரின் பெயரை, ‘பிவேரியா பாஸ்ஸியானா’ என்று அப்பூஞ்சணம் இன்றும் தாங்கி நிற்கிறது. நம் ஊர் வேளாண்மைக் கடைகளில் பொட்டலமாக விற்கும் அதே பிவேரியாதான்.

எறும்பின் மேல் எழும் பூஞ்சணத்தை 1859-இல் செலிபிஸ் தீவில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தார் என்பர். 1865-இல் பிரெஞ்சுச் சகோதரர்களான துலானர் அதை விவரித்து ‘யுனிலேட்டராலிஸ்’, அதாவது ஒருபுறமானது, என்று பெயரிட்டனர். எறும்பின் பிடரியிலிருந்து எழும் காம்பில், வித்து விளையும் மெத்தை ஒரே பக்கத்தில் குமிழ்த்து நிற்பதால் அப்பெயர் பொருந்திற்று. இன்று அதன் குலப்பெயர் ‘ஒபியோகார்டிசெப்ஸ்’. இப்பெயர் நமக்கு அருகிலேயே பிறந்தது. இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் 1905 முதல் பணியாற்றி, பின்னர் அங்குத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கிய தாமஸ் பெட்ச் என்ற ஆங்கிலேயர், இலங்கைக் கரப்பான் பூச்சியின்மேல் கண்டெடுத்த ஒரு பூஞ்சணத்தை மூலமாக வைத்து 1931-இல் இக்குலத்தை வகுத்தார். பின்வந்தோர் அதைப் பொருட்படுத்தாது விட்டனர். 2007-இல் மரபணு ஆராய்ச்சி அவர் பிரிவினை சரியே என்று காட்டவே, எறும்புப் பூஞ்சணமும் இமயத்துப் புழுப்பூஞ்சணமும் ஒருங்கே பெட்சின் குலத்துக்குள் வந்து சேர்ந்தன. பெட்சைப் பற்றி மேலும் ஒரு சொல் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

3. புகும் வழி

நமக்கு வரும் நோய்களிற் பல மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ நுழைகின்றன. இப்பூஞ்சணங்களோ வாசலைத் தேடுவதில்லை, சுவரையே துளைக்கின்றன. பூச்சியின் உடலைப் போர்த்திருக்கும் கைட்டின் என்னும் வலிய கவசத்தின் மீது ஒட்டிக்கொண்ட வித்துத்துகள், போதிய ஈரம் கிடைத்தால் முளைவிடுகிறது. முளையின் நுனி தட்டையாகிக் கவசத்தைப் பற்றிக்கொள்கிறது. புரதத்தையும் கொழுப்பையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்துகொண்டே ஒரு மெல்லிய முனையை அழுத்தி உள்ளே இறக்குகிறது. உட்புகுந்ததும் இழை வடிவத்தை விட்டுத் தனித்தனி அணுக்களாகப் பிரிந்து, பூச்சியின் குருதியில் மிதந்து, அங்குள்ள சத்தை உண்டு பல்கிப் பெருகுகிறது. வெளியே ஒன்றும் தெரிவதில்லை. எறும்பு வழக்கம்போல் இரை தேடுகிறது, சகாக்களோடு கொம்பு உரசிப் பேசுகிறது, புற்றுக்குத் திரும்புகிறது. இவ்வாறு இரண்டு மூன்று வாரம் கழியும்.

எறும்புக் குலமும் சும்மா இருப்பதில்லை. ஒன்றையொன்று நக்கித் துடைப்பதும், சவங்களைப் புற்றுக்கு வெளியே சுமந்துபோய் எறிவதும் அவற்றின் நித்திய கருமம். ஆகவே புற்றுக்குள் செத்த எறும்பால் பூஞ்சணத்துக்கு ஒரு பயனும் இல்லை. காம்பு முளைப்பதற்குள் சவம் அப்புறப்படுத்தப்பட்டுவிடும். பூஞ்சணம் தன் வம்சத்தை விருத்தி செய்துகொள்ள வேண்டுமானால், எறும்பு புற்றைவிட்டு வெளியேறி, ஆனால் சகாக்கள் நடமாடும் வழியைவிட்டு மிகவும் விலகிவிடாமல், ஓரிடத்தில் அசையாமல் சாக வேண்டும்.

4. இருபத்தைந்து சென்டிமீட்டர்

அந்த இடம் எது என்பதை அளந்து காட்டிய ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்தது. தென் தாய்லாந்தின் காவோ சோங் காட்டில் ‘காம்பனோட்டஸ் லியோனார்டி’ என்னும், நம் கட்டெறும்பின் சாதியைச் சேர்ந்த எறும்பு, மரங்களின் உச்சிக் கிளைகளில் வாழ்கிறது. கிளைக்குக் கிளை செல்ல வழியில்லாத இடங்களில் மட்டும் தரைக்கு இறங்கிவிட்டு மீண்டும் ஏறிவிடுகிறது. பூஞ்சணம் புகுந்த எறும்போ, பாதையைவிட்டு விலகிக் குடிகாரனைப்போல் தள்ளாடித் திரிகிறது; வலிப்பு வந்து துடித்துக் கிளையிலிருந்து விழுகிறது; விழுந்தபின் மேலே ஏற அதனால் இயலுவதில்லை. தரையோரத்துச் சிறு செடிகளிடையே அலைந்து, இறுதியில் ஓர் இலையின் அடிப்புறத்தை அடைந்து, அதன் நரம்பைத் தாடைகளால் கவ்விக்கொள்கிறது. கவ்வும் வேளை நண்பகலை ஒட்டியது. உயிர் பிரியும் வேளை அந்திக்கு முன்னர். தாடையை அசைக்கும் தசைகள் அதற்குள் சிதைந்துபோய்விடுகின்றன. எனவே செத்த பின்பும் பிடி தளர்வதில்லை.

இப்படிச் செத்த எறும்புகளை ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாக அளந்தனர். தரையிலிருந்து சராசரி உயரம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். செடியின் வடக்கு-வடமேற்குப் பக்கத்து இலைகளே மிகுதி. அவ்விடத்தில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 94 முதல் 95 வரை. வெப்பம் 20 முதல் 30 பாகை செல்சியஸ். இவ்வளவோடு அவர்கள் நிற்கவில்லை. சில சவங்களை இலையோடு எடுத்து மரத்தின் உச்சியில் கொண்டுபோய்க் கட்டினர். சிலவற்றைத் தரையில் வைத்தனர். அங்கெல்லாம் பூஞ்சணம் முறையாக வளரவில்லை. இருந்த இடத்தில் விடப்பட்ட சவங்களிலோ, சில நாட்களில் பிடரியைப் பிளந்துகொண்டு காம்பு எழுந்தது; அதன் ஒருபுறத்தில் மெத்தை குமிழ்த்தது; அதிலிருந்து வித்துக்கள், கீழே எறும்புகள் நடக்கும் தரைமீது உதிர்ந்தன.

அன்பர்களே, இந்தச் சோதனையைத்தான் என் பேச்சின் அச்சாணியாகக் கருதுகிறேன். மர உச்சிக்கு உயர்த்தினால் காய்கிறது, ஒரு சாண் தாழ்த்தினால் அழிகிறது என்னும் அளவுக்கு ஒடுங்கிய ஒரு காற்றடுக்கில் மட்டுமே பிழைக்கக்கூடிய உயிர், காலும் கண்ணும் இல்லாத உயிர், அந்த அடுக்கைச் சென்றடைவதற்காக ஆறு காலுள்ள ஒரு பிராணியை வாகனமாக்கிக்கொள்கிறது. நமக்குக் கொடுங்கோன்மையாகத் தோன்றும் அச்செயல், போக வேண்டிய இடத்துக்குத் தானாகப் போக இயலாத ஒன்றின் நிர்ப்பந்தம். ஈரமும் நிழலும் எங்கே உளவோ அங்கே எறும்பு போகிறது. ஈரமும் நிழலும் இழுக்கப் பூஞ்சணம் எறும்பை இழுக்கிறது.

இடம் மாறினால் முறையும் மாறுவதைப் பாருங்கள். இலையுதிராத வெப்பமண்டலக் காட்டில் எறும்பு இலையைக் கவ்வுகிறது. குளிர்காலத்தில் இலைகள் உதிரும் ஜப்பானிலும் அமெரிக்காவின் தென் கரோலினாவிலும், இலையைக் கவ்விய சவம் இலையோடு மண்ணில் விழுந்துவிடும் அல்லவா? அங்கே எறும்பு சுள்ளியைக் கவ்வி, கால்களாலும் அதைக் கட்டிப்பிடித்துச் சாகிறது. மரம் வகுத்த சட்டத்துக்குப் பூஞ்சணம் பணிகிறது. பூஞ்சணம் பணிவதால் எறும்பின் சாவும் வடிவம் மாறுகிறது.

எறும்பின் மூளையில் ஏறி அமர்ந்துதான் பூஞ்சணம் ஆட்டிவைக்கிறது என்று பலரும் எண்ணியிருந்தனர். 2017-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார், எறும்பின் உடலை மிக மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து, கணிப்பொறியின் துணையால் மீண்டும் அடுக்கிப் பார்த்தபோது, தலையிலும் மார்பிலும் வயிற்றிலும் கால்களிலும் தசைநார்களைச் சூழ்ந்து பூஞ்சண அணுக்கள் வலைபோல் பின்னியிருந்தன. மூளைக்குள் மட்டும் ஒன்றுகூட நுழையவில்லை. தேரின் நடுவே உற்சவ மூர்த்தி அசையாமல் வீற்றிருக்க, வடம் பிடிப்போரும் முட்டுக்கட்டை போடுவோரும் கீழே நின்றே அதை மாட வீதியில் திருப்புவதுபோல, மூளையை அதன் ஆசனத்திலேயே விட்டுவிட்டுத் தசைகளின் பக்கம் நின்று காரியத்தை நடத்துகிறது. மூளையை எட்டும் இரசாயனப் பொருள்களையும் அது சுரக்கக்கூடும் என்பர். எவ்வாறாயினும், மூளையைத் தின்றுவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேராது.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு, இப்பூஞ்சணம் மனிதனையும் பிடிக்குமோ என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. நம் உடலின் வெப்பமே இதற்கு முதல் தடை. மேலும், 2011-இல் பிரேசிலின் மீனாஸ் ஜெரைஸ் பகுதிக் காட்டிலிருந்து, நான்கு வகைக் கட்டெறும்புகளின் மேல் நான்கு வெவ்வேறு இனப் பூஞ்சணங்கள் இருந்ததை ஹாரி எவன்ஸ் முதலியோர் விவரித்தனர். அடுத்த வகை எறும்பையே சரிவர ஆளத் தெரியாத பூஞ்சணம் நம்மிடம் வருவானேன்? வித்தை எவ்வளவு நுட்பமாகிறதோ, அவ்வளவுக்கு அதன் எல்லை சுருங்குகிறது.

5. வலை பின்னுவோனுக்கு வந்த வலை

சிலந்தியை நாம் பிறரைப் பிடிப்பதற்கு உவமையாகவே சொல்லிப் பழகியவர்கள். அதைப் பிடிக்கும் பூஞ்சணங்களுள் முதன்மையானது ‘கிபெல்லுலா’. மழைக்காட்டில் செடிகளின் இலையைத் திருப்பிக்கொண்டே போனால், எட்டுக் காலும் பரப்பியபடி அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, வெண்மையோ இளமஞ்சளோ மங்கிய ஊதாவோ படர்ந்த வெல்வெட்டுப் போர்வை போர்த்ததுபோல் ஒரு சிலந்தி தென்படும். போர்வையிலிருந்து திரிபோன்ற மெல்லிய கொம்புகள் நாற்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கொம்பிலும் தூளாக வித்துக்கள். அது சிலந்தியின் வடிவம், சிலந்தி அன்று. கால்களின் வளைவு, கண்கள் இருந்த மேடு எல்லாவற்றையும் அப்படியே காத்து, உள்ளிருந்த உயிரை மட்டும் மாற்றிவைத்தாற்போல் இருக்கும்.

மண்ணில் வளை தோண்டி, வாசலுக்குக் கீல் வைத்த கதவும் அமைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னே இரைக்குக் காத்திருக்கும் சிலந்திகளும் உண்டு. ‘பர்ப்பியூரியோசிலியம்’ என்னும் ஊதாநிறப் பூஞ்சணம் அவற்றை வளைக்குள்ளேயே கொன்று, சவத்திலிருந்து ஒரு காம்பை மேல்நோக்கி அனுப்பி, அந்தக் கதவின் வழியாகவே வெளியே வந்து வித்துத் தூவுகிறது. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் கிடைத்த இத்தகைய ஓர் இனம் 2025-இல்தான் பெயர் பெற்றது.

அதே ஆண்டில் பெயர் பெற்ற மற்றொன்று, குளிர்நாட்டைச் சேர்ந்ததாயினும், நம் விசாரணைக்கு மிகவும் வேண்டியது. வட அயர்லாந்தில் ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கில், தொலைக்காட்சிப் படம் எடுக்கச் சென்றவர்கள் 2021-இல் தற்செயலாகக் கண்ட ‘கிபெல்லுலா ஆட்டன்பரோய்’ குகைச் சிலந்திகளைப் பிடிக்கிறது. இருளில் வலையிலோ மறைவிடத்திலோ பதுங்கியிருக்கும் அச்சிலந்திகள், நோயுற்றபின் வெளியேறிக் கூரையிலும் சுவரிலும் திறந்த இடத்தில் வந்து செத்துக் கிடந்தன. மழைக்காட்டின் ஓர் இலையடியில் உள்ள ஈரமும் காற்றோட்டமும், வேறு தேசத்தில் ஒரு குகையின் கூரையில் கிடைக்குமாயின், அதே வித்தை அங்கும் நடக்கிறது.

6. வல்லவனுக்கு வல்லவன்

இந்த வித்தை நேற்றுத் தோன்றியதன்று. மியான்மர் நாட்டு அம்பரில், ஒரு செதில் பூச்சியின் தலையிலிருந்து பூஞ்சணம் எழுந்த நிலையில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளாக உறைந்து கிடந்ததை 2008-இல் விவரித்தனர். ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில் கிடைத்த, 4 கோடியே 80 லட்சம் ஆண்டு பழமையான கல்லான இலையொன்றில், நரம்பின் இருமருங்கும் எறும்பின் தாடைத் தழும்புகள் காணப்படுகின்றன. எறும்பும் இல்லை, பூஞ்சணமும் இல்லை, கடித்த வடு மட்டும் எஞ்சியிருக்கிறது. இமயம் இன்றைய உயரத்தை அடைவதற்கு முன்னரே நடந்த ஒரு நண்பகலின் சாட்சி அது.

இத்தனை காலம் அரசாண்ட பூஞ்சணம் தன் எதிரிகளை வென்றதா? இல்லை. எறும்பின் பிடரியில் எழுந்த காம்பின் மேலேயே மற்றொரு பூஞ்சணம் வந்து படர்ந்து, முதற்பூஞ்சணத்தின் வித்துறுப்பை மூடி மலடாக்கிவிடுகிறது. 2012-இல் வெளியான கணக்கின்படி, வித்தீன வேண்டிய உறுப்புக்களில் நூற்றுக்கு ஆறரையளவே உயிருள்ள வித்தை ஈனும் நிலையில் இருந்தன. 2022-இல் இத்தகைய இரண்டு பூஞ்சணங்களுக்குப் புதுக் குலங்களே வகுக்கப்பட்டன. எறும்புக் குடி அழியாமல் காக்கப்படுவதற்கு இப்பகைவனின் பகைவனும் ஒரு காரணம். வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்று நம் பாட்டிமார் சொல்வது இங்கே முற்றும் பொருந்துகிறது. பூஞ்சணத்தின் மேல் பூஞ்சணம், அதற்கும் மேல் மழை.

7. பெட்சின் கேள்வி

இவ்வளவு வல்ல பூஞ்சணங்களை நம் வயலுக்கு ஏவலாளாக வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் மனிதனுக்கு எழாமல் இருக்குமா? இலங்கைத் தோட்டங்களில் செதில் பூச்சிகளின் மேல் பூஞ்சணம் படர்வதை ஆண்டுக்கணக்காகப் பார்த்த பெட்ச், 1921-இல் வெளியான பிரித்தானியப் பூஞ்சணவியல் கழகத் தலைமையுரையில் இந்த ஆசையைத் தீர விசாரித்தார். மழையும் ஈரமும் கூடிய காலத்தில் பூஞ்சணம் தானாகவே பரவிப் பூச்சியைக் கொல்கிறது. அப்போது நாம் தெளிப்பது ஆற்றில் ஊற்றிய குடத்து நீர். வறண்ட காலத்தில் தெளித்தாலோ அது முளைப்பதேயில்லை. இயல்பாகக் கொள்ளைநோய் எழாத காலத்தில் அதை எழுப்புவது எவ்வாறு என்பதே தீர்க்கப்பட வேண்டிய பிரச்சினை என்ற கருத்தை அவர் முன்வைத்தார். எசமானைக் கூலிக்கு அமர்த்தலாம். எசமானின் எசமானை அமர்த்த முடியாது என்பதே அதன் சாரம்.

அந்தப் பிரச்சினை முழுதும் தீர்ந்துவிடவில்லை. எனினும், இடமறிந்து ஏவினால் பயன் உண்டு என்பதை நம் தென்னை விவசாயிகள் அறிவர். அன்றைய உருசியப் பேரரசில் மெச்னிகோவ் என்னும் அறிஞர் 1879-இல் கோதுமை வண்டின் புழுவில் கண்ட ‘மெட்டாரைசியம்’ என்னும் பச்சைப் பூஞ்சணத்தை, நம் ஊரில் காண்டாமிருக வண்டு முட்டையிடும் எருக்குழியில் கலக்கிறார்கள். தென்னையின் உச்சிக் குருத்தில் வெயிலும் காற்றும் அதைக் கொன்றுவிடும். எருக்குழியிலோ நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கின்றன. புழுவும் அங்கேயே இருக்கிறது. பிவேரியாவை மாலை வேளையில் தெளிக்கச் சொல்வதும் இதே காரணம் பற்றியே. காவோ சோங் காட்டின் 25 சென்டிமீட்டர் பாடத்தை எருக்குழி வேறு விதமாகச் சொல்கிறது.

வயலுக்கு மட்டுமன்றி மருத்துவமனைக்கும் இவ்வுயிர்கள் உதவியிருக்கின்றன. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து எடுத்த ‘சைக்ளோஸ்போரின்’, பிறர் சிறுநீரகத்தையோ இதயத்தையோ நம் உடல் தள்ளிவிடாமல் ஏற்கச் செய்யும் மருந்தாக 1980-களில் வழக்கிற்கு வந்தது. அந்தப் பூஞ்சணம், வண்டின் புழுவைப் பிடித்து வளரும் ஒரு கார்டிசெப்ஸின் மறுவடிவமே என்பதை 1996-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். பூச்சியின் கூட்டில் புகுந்த ஒன்று, ஒரு மனிதனின் உறுப்பு மற்றொரு மனிதனின் கூட்டில் குடியேற வழிசெய்திருக்கிறது. பரகாயப் பிரவேசத்துக்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் எனக்குத் தெரியாது.

8. நிறைவுரை

புல்லுருவி என்ற சொல்லை வசையாகவே வழங்குகிறோம். பிறர் உழைப்பில் வாழ்பவன் சுகவாசி என்பது அவ்வசையின் உட்கிடை. இயற்கையில் நான் கண்டவரை, பிறர் கூட்டில் வாழும் உயிருக்குச் சுகம் என்பதே இல்லை. தனக்கு வாய்த்த ஒரே வகை எறும்பு இருக்க வேண்டும். அந்த எறும்பு வாழ உயர்ந்த மரம் இருக்க வேண்டும். அந்த மரத்தின் நிழலில் சிறு செடி இருக்க வேண்டும். செடியைச் சூழ்ந்த காற்று நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு ஈரத்தோடு நிற்க வேண்டும். மேலே பத்து மரங்களை வெட்டி வெயிலை உள்ளே விட்டால், எறும்பு வேறு மரம் தேடிப் போய்விடக்கூடும். தரையோரத்து ஈரம் போகிறது, அதோடு பூஞ்சணமும் போகிறது. ஆகவே காட்டில் இலையைக் கவ்விய எறும்பொன்றைக் காண்பவர், ஒரு பிராணி அடிமைப்பட்டதை மட்டும் காண்பதில்லை. அவ்விடத்தில் காடு இன்னும் காடாகவே இருக்கிறது என்பதற்கு இடப்பட்ட கைநாட்டையும் காண்கிறார்.

ஆசிரியர் சொன்னபடி அடுத்த பங்குனியில் நான் ஏற்காட்டுக்குப் போனேன். மலைப்பாதை புழுதியாக இருந்தது. அதே தோட்டத்து ஓரத்தில், அதே செடியென்று நான் நம்பிய ஒன்றின் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். வெண்ணிற விளிம்பு ஒன்றிரண்டு இடத்தில் காய்ந்த பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே புதிதாகப் பிறந்த செதில் பூச்சிகள் நரம்போரம் பச்சைப்பசேலென்று அமர்ந்திருந்தன. எறும்புகள் அவற்றிடையே பழையபடி பால் கறந்துகொண்டிருந்தன. ஊருக்குத் திரும்பி, எசமான் பூஞ்சணம் அன்று, மழைதான் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, அல்லவென்றும் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இதோ, அந்தக் கண்ணாடியை இன்று எடுத்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் விரும்பும் மாணவர்கள் வாங்கிப் பார்க்கலாம். வெளியே தூறல் விழுகிறது. முற்றத்தில் இலைகளும் உள்ளன.